பூசாத தேக்கும் கார்த்திகை மழையும்: ஒரு சமையலறையின் நிகழ்வு ஆய்வு

வலங்கைமானுக்கு அருகே ஒரு கிராமத்தில், 2023ஆம் ஆண்டு கட்டி முடித்த வீட்டின் சமையலறைக்கு ஆசாரி தேக்கில் செய்து மாட்டிய இருபத்திரண்டு கதவுகளும் அவற்றின் சட்டங்களும் ஏறத்தாழ நான்கு மாதம் எந்தப் பூச்சும் இல்லாமல் நின்றன. வீட்டார் அவற்றுக்கு என்ன பூசுவது என்று முடிவெடுக்காமல் இருந்ததால் அல்ல. அவசரமாக முடிவெடுத்து, இரண்டு கதவுகளில் பூசிப் பார்த்து, அவை பால் ஊற்றியதுபோல் வெளுத்துப் போனதால்தான் வேலை நின்றது. அந்த நிலையில்தான் என்னை அழைத்தார்கள். கும்பகோணத்தில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரத்து வீடுகளின் மர வேலைகளை மேற்பார்வை செய்வது என் தொழில். “எது நல்ல பாலீஷ், அதை மட்டும் சொல்லுங்கள்” என்பதுதான் வீட்டுக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. அந்தக் கேள்விக்கு நேராக விடை சொல்ல முடியாமல், அதை வேறு இரண்டு கேள்விகளாக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்த கதையே இந்தக் குறிப்பு. தண்ணீர் இந்த மரத்தை எந்த வழியாக எட்டும் என்பது ஒன்று. எந்த மாதத்தில் பூசப் போகிறோம் என்பது மற்றொன்று.

மரத்தின் வரலாற்றை முதலில் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல், மன்னார்குடிக்குத் தெற்கே இக்குடும்பத்துக்கு இருந்த தென்னந்தோப்பைச் சாய்த்தபோது, வரப்போரம் நட்டிருந்த தேக்குகளும் உடன் விழுந்தன. இருபது வயதைச் சற்றே தாண்டிய மரங்கள். அந்த வயதுத் தேக்கில் வைரம் பாய்ந்த உள்மரம் குறைவாகவும் வெளுத்த வெளிமரம் அதிகமாகவும் இருக்கும். மறு ஆண்டு அறுத்து, பலகைகளுக்கு இடையே குச்சி வைத்து அடுக்கி, கொட்டகையில் நான்கு ஆண்டுகள் காய விட்டிருந்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓர் அங்குலப் பலகைக்கு அது தேவைக்கும் மிகுதியான காலம். வெளிமரம் உளுத்துப் போகும் என்பதை அறிந்த ஆசாரி, இழைப்பதற்கு முன்பே பலகைகளைப் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்து, மறுபடி காயவைத்தும் இருந்தார். இந்த வேலை முழுவதிலும் மிகச் சரியாக நடந்தது அதுதான் என்பேன்.

சமையலறையின் அமைப்பு இப்பகுதியில் வழக்கமானதே. மேடைக்குக் கீழே செங்கல் தாங்குசுவர்களும் கடப்பைக்கல் தட்டுகளும். அவற்றின் முகப்பில் தேக்குச் சட்டம் வைத்துப் பதினான்கு கதவுகள். மேலே சுவரில் மாட்டிய அலமாரிகள். அவற்றின் உடல், ஈரம் தாங்கும் வகைக்கான ஐ.எஸ். 710 முத்திரை பெற்ற பிளைவுட், கதவுகள் எட்டும் தேக்கு. எல்லாக் கதவுகளும் நான்கு சட்டமும் நடுவில் காடியில் அமர்ந்த பலகையுமாகக் கழுந்தும் துளையும் இட்டுச் செய்தவை. இரு முகங்களையும் சட்டங்களையும் சேர்த்துப் பூச வேண்டிய தேக்குப் பரப்பு சுமார் 185 சதுர அடி.

அந்த முதல் முயற்சி, கார்த்திகை பிறந்த வாரத்தில், 2023 நவம்பரில், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் நடந்தது. தையில் புதுமனை புகுவிழா வைத்திருந்ததால் வீட்டார் அவசரப்படுத்தியிருக்கிறார்கள். பாலீஷ் போட வந்தவரும் மரத்துளைகளை அடைக்கும் சீலர் என்ற அடிப்பூச்சை அடித்து, அதன்மேல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கரைத் துப்பாக்கியால் தெளித்திருக்கிறார். அரைமணி நேரத்தில் காய்ந்தது. காயும்போதே கதவு வெளுத்தது. இதற்குக் காரணம் பொருளின் தரக்குறைவு அல்ல. இந்த வகை லேக்கரில் உள்ள தின்னர் என்ற கரைப்பான் மிக விரைவாக ஆவியாகும்போது பூசிய பரப்பின் வெப்பத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. குளிர்ந்த பரப்பின்மேல், ஈரம் நிறைந்த காற்றிலிருந்து நீர் நுண்துளிகளாகப் படிகிறது. மேற்படலம் அந்தத் துளிகளோடு சேர்ந்தே இறுகிவிடுகிறது. குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதுவும் ஒன்றே. மெதுவாக ஆவியாகும் தின்னரைச் சேர்த்து மீண்டும் தெளித்தால் சில வேளை வெண்மை மறையும். ஆனால் அந்த வாரம் மரத்தின் உள் ஈரமே 17, 18 விழுக்காடு என்று என் ஈரமானி காட்டியது. மேலே எதைப் பூசினாலும் உள்ளே இருக்கும் ஈரம் பிறகு வெளியேற வழி தேடும். எனவே இரண்டு கதவுகளையும் தின்னரால் துடைத்துச் சுரண்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, மாசி வரை எதுவும் பூச வேண்டாம் என்று சொன்னேன். “தையில் கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?” என்று வீட்டம்மா கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனாலும் நான் இறங்கி வரவில்லை.

கிடைத்த இரண்டு மாதத்தை மாதிரிப் பலகைகளுக்குப் பயன்படுத்தினோம். அதே தேக்கின் துண்டுகளில், ஒவ்வொன்றிலும் வைரமும் வெளிமரமும் சேர்ந்து வரும்படி ஏழு பலகைகள் எடுத்து, வீட்டுக்குள் விசிறிக் காற்றில் 14 விழுக்காட்டுக்குக் கீழே உலரவைத்து, மழை வெறித்த நாள்களாகப் பார்த்து ஏழு விதமாகப் பூசினோம்: அவலரக்கை (அவல்போல் செதிலாக வரும் அரக்கு) சாராவியில் (ஸ்பிரிட்) கரைத்து மல் துணியால் தேய்க்கும் பழைய பிரெஞ்சு பாலீஷ், காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், டப்பா வார்னிஷ், என்.சி. லேக்கர், மெலமைன் பிசின் பூச்சு, இரண்டு பாகமாக வந்து பூசும்போது கலக்கும் பி.யூ. (பாலியூரிதேன்), நீரில் கரையும் பி.யூ. முற்றிலும் உலர்ந்த பின் அவற்றை ஆய்வுக்கூடச் சோதனை எதற்கும் உட்படுத்தவில்லை; இந்தச் சமையலறை அவற்றுக்கு என்ன செய்யுமோ அதையே செய்தோம். கொதிநீர் நிறைத்த எவர்சில்வர் டம்ளரைப் பத்து நிமிடம் வைத்தோம். மஞ்சள்தூளை நல்லெண்ணெயில் குழைத்து இரவு முழுவதும் அப்பி வைத்தோம். புளிக்கரைசலை வட்டமாகக் கொட்டிக் காய விட்டோம். பாத்திரம் தேய்க்கும் சோப்பில் நனைத்த துணியை அரைநாள் மேலே போட்டு வைத்தோம். கடைசியாக, பலகையின் குறுக்காக அறுத்த முனையை ஒரு விரல் ஆழத் தண்ணீரில் ஒரு நாள் நிறுத்தினோம்.

அழகில் அரக்குக்கு நிகர் இல்லை. பலகையைப் பார்த்த உடனே வீட்டுக்காரரின் தாயார், அந்த ஊர்ப் பழைய ஓட்டு வீட்டு ஊஞ்சல் பலகையை நினைவுகூர்ந்து, இதுவே போதும் என்றார். ஆனால் சூடான டம்ளரை எடுத்தபோது அதன் அடிவட்டம் வெண்மையாகப் பலகையில் நின்றது; சோப்புத் துணி கிடந்த இடம் கொழகொழத்துவிட்டது. அரக்கு சூட்டுக்கும் சோப்பில் உள்ள காரத்துக்கும் இளகுவது அதன் இயல்பு. அதே இயல்புதான் அதன் பெருமையும்: சாராவியில் நனைத்த துணியால் இரண்டு முறை இழுத்தவுடன் அந்த வெண்வட்டம் இருந்த இடம் தெரியவில்லை. வேறு பெரும்பாலான பூச்சுகளுக்கு இந்தக் குணம் இல்லை. ஆளிவிதை எண்ணெய் மார்கழியின் ஈரக் காற்றில் ஐந்தாம் நாளும் விரலில் ஒட்டியது. மூன்றாம் வாரம், சுவரோரம் சாத்தி வைத்திருந்த அந்தப் பலகையில் மட்டும் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை பிடித்தது. எண்ணெய் பூஞ்சைக்கும் உணவுதான். வறண்ட ஊருக்கு ஏற்ற பூச்சு. டெல்டாவின் சமையலறைக்கு ஏற்றதல்ல. இதைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றும். தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும், அல்லது விரித்துக் கொடியில் போட வேண்டும்.

மஞ்சள் சோதனையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மஞ்சளின் நிறம் நீரில் கரைவதைவிட எண்ணெயில் நன்றாகக் கரைவது. ஆகவே தாளிப்பு தெறித்த மஞ்சளே கறையாக உள்ளே இறங்கும். ஆளிவிதை எண்ணெய்ப் பலகையில் அது மரம் வரைக்கும் சென்றுவிட்டது. வார்னிஷிலும் என்.சி.யிலும் படலத்துக்குள் தங்கியது. மெலமைனிலும் இரண்டு பாக பி.யூ.விலும் வெளிறிய மஞ்சள் நிழலாக நின்றது. அந்த நிழலை வீட்டம்மா சோப்பு நீரால் துடைத்தபோது அது செம்மண் நிறத்துக்கு மாறியதைக் கண்டு, பூச்சே கெட்டுவிட்டது என்று பதறினார். மஞ்சள் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தித் தட்டில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கலக்கிறவர்களுக்குத் தெரிந்த செய்திதான். பதற்றத்தில் அது நினைவுக்கு வரவில்லை. பலகையைத் திண்ணையில் வெயில் படும்படி மூன்று நாள் வைத்தோம், நிழல் போய்விட்டது. மஞ்சளின் நிறம் வெயிலில் நிற்காது.

முனையை நீரில் நிறுத்திய சோதனையில் எல்லாப் பூச்சுகளும் தோற்றன என்றே சொல்ல வேண்டும். தோற்ற அளவில்தான் வேறுபாடு. மரம் தண்ணீரைப் பக்கவாட்டில் குடிப்பதைவிடப் பல மடங்கு வேகமாக நார்களின் வாய் திறந்திருக்கும் முனை வழியாகக் குடிக்கும். நன்றாகப் பூசிய முகத்தில் ஒரு சொட்டும் இறங்காத அதே பி.யூ. பலகை, ஒரே ஒரு பூச்சு மட்டும் பெற்ற முனையில் இரண்டு அங்குல உயரத்துக்கு நிறம் மாறியது. எந்தப் பொருளைப் பூசுவது என்ற விவாதத்தில் இரண்டு வாரம் செலவிட்ட பிறகு, கதவின் அடிமுனையில் எத்தனை முறை பூசுகிறோம் என்பதே அதைவிடப் பெரிய கேள்வி என்று அந்தப் பலகை காட்டியது.

மெலமைனை ஏன் விட்டோம் என்று வீட்டுக்காரரே பிறகு கேட்டார். சூட்டையும் கறையையும் அது நன்றாகத் தாங்கியது, விலையும் பி.யூ.வைவிடக் குறைவு. ஆனால் அது இறுகும்போது பார்மால்டிஹைடை வெளிவிடுகிறது. கண்ணைக் கரிக்கும் அந்த நெடி, மாதிரிப் பலகையிலேயே வாரக்கணக்கில் போகவில்லை. மேலும் அது இறுகி நொறுங்கும் தன்மையுள்ளது. மரமோ அசைந்துகொண்டே இருப்பது. ஓர் அடி அகலத் தேக்குப் பலகையின் ஈரம் 5 விழுக்காடு ஏறி இறங்கினால் அதன் அகலம் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை மாறும். இங்கே கோடைக்கும் கார்த்திகைக்கும் இடையே அந்த மாற்றம் ஒவ்வோர் ஆண்டும் நிகழும். எந்தப் பூச்சும் அதைத் தடுப்பதில்லை. வேகத்தை மட்டுமே குறைக்கிறது. நீரில் கரையும் பி.யூ. நெடியில்லாமல் நன்றாகவே இருந்தது. ஆனால் தேக்கின் நிறம் அதன்கீழ் உயிரற்று வெளிறித் தெரிந்தது என்பதால் குடும்பத்தில் யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்கு அது ஏற்கத்தக்க பூச்சாகவே பட்டது, வீடு அவர்களுடையது.

இறுதியில் ஒரே பூச்சு என்ற எண்ணத்தையே கைவிட்டோம். தண்ணீரும் சூடும் எண்ணெயும் படும் கதவுகளுக்கும் சட்டங்களுக்கும் மினுக்கம் குறைந்த இரண்டு பாக பி.யூ.; மேல் அலமாரிகளின் உட்புறத்துக்கு, அதாவது அரிசி, பருப்பு, அப்பளம் இருக்கும் இடத்துக்கு, அரக்கு. மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேற்பூச்சாகப் போடும் பொருள் அரக்கு. காய்ந்த பின் நெடியில்லை. நீர்த்துளியைத் தாங்குவதில்தான் அது தோற்கிறதே தவிர, காற்றில் உள்ள நீராவியைத் தடுப்பதில் கெட்டியானது. மூடிய அலமாரிக்குள் வேண்டியது அதுதான். தாயாரின் ஆசைக்காகக் கதவுகளிலும் முதலில் அரக்கை இழுத்துவிட்டு மேலே பி.யூ. அடிக்கலாமா என்று பாலீஷ்காரர் கேட்டார். கடையில் கிடைக்கும் அவலரக்கில் இயற்கையான மெழுகு கலந்திருக்கிறது, மெழுகின்மேல் பி.யூ. பிடிக்காமல் பின்னாளில் தோலாக உரியும். மெழுகு நீக்கிய அரக்கு எங்களுக்கு அருகில் கிடைக்கவில்லை. அதனால் அந்த யோசனையை விட்டோம்.

இதற்கிடையில் தை மாதம் பூசாத கதவுகளோடேயே பால் காய்ச்சினார்கள். பொங்க வேண்டிய பால் நன்றாகவே பொங்கி, மேடை விளிம்பில் வழிந்து, அடுப்புக்குக் கீழிருந்த கதவின் மேற்சட்டத்தில் இறங்கிக் கையகலத் தடம் ஒன்றை விட்டது. பால் கொழுப்பு இறங்கிய இடத்தில் பூச்சு ஒட்டாது. 120ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும் என்றேன். “பால் பொங்கின தடம் தம்பி, அதையா தேய்ப்பாங்க?” என்றார் தாயார். நல்ல நாள் பார்த்துத் தேய்த்தோம்.

மாசியில் வேலை தொடங்கியபோது மரத்தின் ஈரம் 12, 13 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. கதவுகளைக் கழற்றும்போதுதான் அடுத்த சிக்கல் வெளிப்பட்டது. சட்டங்களின் முதுகில், செங்கல்லைத் தொடும் பக்கத்தில், எதுவுமே பூசாமல் சுவரோடு இறுக்கியிருந்தார்கள். சிமெண்ட் பூச்சு முடிந்து அப்போது மூன்று மாதமே ஆகியிருந்த சுவர் அது. சிங்குக்கு இருபுறமும் இருந்த இரண்டு சட்டங்களைக் கழற்றித் திருப்பினால், சாம்பலும் கருப்புமாக, அடியிலிருந்து முழங்கை உயரத்துக்கு ஈரம் ஏறிய கோடு தெரிந்தது. இரும்புத் திருகாணி இருந்த இடமெல்லாம் மை கொட்டியதுபோல் கறுத்திருந்தது. முன்முகத்தில் எத்தனை விலையுயர்ந்த பூச்சு போட்டாலும் இந்த முதுகு வழியே தண்ணீர் உள்ளே வந்துகொண்டுதான் இருந்திருக்கும். முந்திரிக்கொட்டை எண்ணெய் அடித்துவிடலாம் என்று ஆசாரி சொன்னார். கரையானைத் தடுக்க உத்திரங்களுக்கு அதைப் பூசுவது பழைய வழக்கமே; ஆனால் அது கையில் பட்டால் புண்ணாக்கும், எளிதில் காயாது, கருமை சுவரில் கசியும். சமையலறைக்கு வேண்டாம் என்று, எல்லாச் சட்டங்களையும் கழற்றி, காயவைத்து, முதுகில் மரத்துக்கான பிரைமர் இரண்டு பூச்சு கொடுத்து, துருப்பிடிக்காத திருகாணியால், கடப்பைக்கல்லுக்கு மேலே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மாட்டினோம். இந்த வேலைக்குச் செலவான நான்கு நாளும் கூலியும் ஆசாரிக்கும் வீட்டுக்காரருக்கும் இடையே கொஞ்சம் மனத்தாங்கலை உண்டாக்கின. மாட்டுவதற்கு முன்பே முதுகைப் பூசச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை என்பதும் உண்மை.

பூசிய முறையில் விசேஷம் அதிகமில்லை. நார் ஓடும் திசையில் 120, 180, 220 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்த்தோம். தேக்கின் வைரத்தில் இயற்கையான எண்ணெய்ப்பசை உண்டு; பூச்சைப் பிடிக்க விடாமல் செய்வது அதுதான். ஆகவே சீலர் அடிப்பதற்குச் சற்று முன்பு, முந்திய நாள் அல்ல, தின்னர் நனைத்த துணியால் ஒவ்வொரு கதவையும் துடைத்தோம். பி.யூ. சீலர் இரண்டு, 320ஆம் எண் தாளால் தேய்ப்பு, அதன்மேல் மினுக்கமற்ற பூச்சு இரண்டு. கீழ்க்கதவுகளின் அடிமுனைகளுக்கும் கீல் குழிகளின் உட்புறத்துக்கும் மட்டும் தூரிகையால் சீலரை மூன்று முறை கூடுதலாக ஊட்டினோம்.

தூசி பெரும் தொல்லையாக இருந்தது. சம்பா அறுவடை முடியும் தறுவாயில் எந்திரங்கள் ஓடுவதால், மாசிக் காற்றில் வைக்கோல் தூசி மிதந்துகொண்டே இருக்கும். ஈரமான பூச்சில் அது விழுந்தால் ஒவ்வொரு துகளும் ஒரு பருவாக நிற்கும். தூசி அடங்கத் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு வேலை தொடங்குவது பாலீஷ்காரரின் வழக்கம். ஆனால் பி.யூ.வின் இரண்டாம் பாகமான இறுக்கியில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் தண்ணீரோடு வினைபுரிந்து கரியமில வாயுவை வெளிவிடும். காற்றில் ஈரம் மிகுந்தால் படலத்துக்குள் ஊசிமுனைக் குமிழிகளாக அது தெரியும். எனவே முதல் நாள் மாலையே கூடத்தைத் துடைத்துச் சன்னல்களைச் சாத்திவிட்டு, மறுநாள் பனி விலகிய பின் ஒன்பது மணிக்கு மேல், ஈரப்பத அளவி 70க்குக் கீழே காட்டினால் மட்டும் தெளிப்பது என்று ஏற்பாடு. மூன்று நாள்கள் அளவி இறங்காமல் வேலை நடக்கவில்லை. கூலி மட்டும் நடந்தது. தெளிப்பவருக்கு வாயில் கட்டும் துண்டு போதாது. கரிவடிகட்டி வைத்த முகமூடி வாங்கிக் கொடுத்தோம். இந்தச் செலவை வீட்டாரின் கணக்கில் எழுதுவதற்கு நான் தயங்குவதில்லை. நெஞ்சிரைப்பு வந்து தொழிலையே விட்ட பாலீஷ்காரர்களை எனக்குத் தெரியும். முடிந்த பின் ஏழு நாள் சமையல் பின்கட்டில் நடந்தது.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிப் பெய்த மழைக்குப் பிறகு, மார்கழியில் போய்ப் பார்த்தேன். சட்டங்களின் முதுகுக்குப் பின்னே சுவரில் உப்புப் பூத்திருந்தது. மரம் உலர்வாக இருந்தது. கதவுகள் பருத்து ஒன்றோடொன்று நெருங்கினவே தவிர, சிக்கவில்லை. மேல் அலமாரியின் உட்புறத்து அரக்கில், அப்பள டப்பா இழுபட்ட கீறல்கள் மட்டும். தாயார் தாமே சாராவி வாங்கித் துடைத்துக்கொள்வதாகச் சொன்னார். அடுப்புக்கு மேலிருந்த கதவில் எண்ணெய்ப்பிசுக்கு படிந்திருந்தது, வெந்நீர்த் துணிக்கே வந்துவிட்டது.

ஒரே ஒரு கதவு கெட்டிருந்தது: சிங்குக்கு நேர் கீழே, வலப்பக்கம். அதன் மேல் மூலையில் குத்துச்சட்டமும் குறுக்குச்சட்டமும் சேரும் கோட்டில் படலம் மயிரிழை அளவு பிளந்து, உள்ளே ஒரு கறுப்புக் கோடு இறங்கியிருந்தது. தண்ணீர் கீழிருந்துதான் வரும் என்று அடிமுனைக்கு மூன்று பூச்சு கூடுதலாகக் கொடுத்திருந்தோம். இது மேலிருந்து வந்திருந்தது. கைப்பிடியில் நாள் முழுவதும் ஈரத்துணி தொங்குகிறது. பாத்திரம் துடைக்கும் அந்தத் துணியின் மேல்விளிம்பு சரியாக அந்த இணைப்பின்மேல்தான் படிகிறது. ஏழு மாதிரிப் பலகைகளில் ஒன்றில்கூட இணைப்பு இல்லை. ஒற்றைத் துண்டுகளாகவே அவற்றைச் சோதித்தது என் பிழை. துணிக்குச் சுவரில் ஒரு கம்பி அடித்துக் கொடுத்தோம். கதவை மாசியில் கழற்றி, அந்த இணைப்பை மட்டும் தேய்த்துப் பூச வேண்டும். மீதம் இருந்த இறுக்கி, திறந்த டப்பாவில் அதற்குள் கட்டியாகிவிட்டதால், புதிதாக ஒரு சிறிய டப்பா வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்து வந்தேன்.